ஜமாஅத் கொடுத்த குலா கடிதத்தை வைத்து மறுமணம் செய்யலாமா?

நூர்_மஹல்லா கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மஹல்லாவில் உள்ள ஒரு பெண்ணுக்காகக் கேட்கிறேன். 2016-ல் நிக்காஹ். பள்ளிவாசல் தஃப்தரில் (பதிவேட்டில்) பதிவு இருக்கிறது, சார்பதிவாளரிடம் பதியவில்லை. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். 2021 கடைசியிலிருந்து ஒரு பைசா அனுப்பவில்லை. செல்பேசி எண் மட்டும் வேலை செய்கிறது; வாட்ஸ்அப்பில் செய்தி போனால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை.

அந்தப் பெண் குலா (மனைவி கேட்டு வாங்கும் மணமுறிவு) வேண்டி மஹல்லா நிர்வாகமான ஜமாஅத்தில் மனு கொடுத்தார். மூன்று தடவை கணவர் வீட்டுக்குக் கடிதம் போனது, யாரும் வரவில்லை. 2024-ல் லெட்டர்பேடில் இப்படி எழுதிக் கொடுத்துவிட்டார்கள்:

"மேற்படியார் குலா கோரி அளித்த மனுவின் பேரில், மூன்று அறிவிப்புகள் அனுப்பியும் கணவர் ஆஜராகாத காரணத்தால், ஷரீஅத் அடிப்படையில் குலா வழங்கப்பட்டு திருமண பந்தம் முறிக்கப்படுகிறது. மஹரும் இத்தா கால ஜீவனாம்சமும் பெண் தரப்பில் விட்டுக்கொடுக்கப்பட்டன."

(மஹர் என்பது நிக்காஹில் கணவன் மனைவிக்குத் தரும் கொடை; இத்தா என்பது பிரிந்த பின் மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்கும் காலம்.) கீழே தலைவர், செயலாளர் கையெழுத்து, வட்ட முத்திரை. இப்போது ஒரு நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை ஊர் ஜமாஅத் இந்தக் கடிதம் போதாது, கோர்ட் உத்தரவு வேண்டும் என்கிறது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை நீக்கப் போன இடத்திலும் அதையே கேட்டிருக்கிறார்கள். பெண் வீட்டார் மாவட்ட காஜியிடம் இன்னொரு சான்று வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். எது சரி? கோர்ட்டுக்குப் போவதென்றால் எங்கே, என்ன கேட்டுப் போட வேண்டும்?

---

வக்கீல்_நெல்லை:

வ அலைக்குமுஸ்ஸலாம். முதல் காரியமாக, நிக்காஹ் தேதி குறித்திருந்தால் நிறுத்தி வையுங்கள். சட்டத்தின் கண்ணில் அந்தப் பெண் இன்னும் முதல் கணவரின் மனைவி. இந்த நிலையில் மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. அது மட்டுமல்ல, முதல் கணவர் புகார் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டம் 494) வழக்கு வரும். தண்டனை 7 ஆண்டு வரை. பெண்களை இதில் சிக்க வைப்பது இந்த மாதிரிக் கடிதங்கள்தான்.

காஜி சான்றும் உதவாது. 1880-ஆம் ஆண்டு காஜிகள் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, காஜிக்கு நீதிமன்ற அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடையாது என்று தெளிவாகச் சொல்கிறது. பதர் சயீத் தொடுத்த வழக்கில் 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமும் காஜி தரும் தலாக் சான்று வெறும் அபிப்பிராயம்தான் என்றது. குலாவுக்கு 2023 தீர்ப்பு இருக்கிறது. ஒரு தனியார் ஷரீஅத் கவுன்சில் கொடுத்த குலா சான்றிதழை அதே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குலா கேட்பது பெண்ணின் உரிமை. ஆனால் அதை உறுதிப்படுத்த அவர் போக வேண்டிய இடம் குடும்ப நீதிமன்றம், தனியார் அமைப்புகள் நீதிமன்றம் போல நடந்துகொள்ள முடியாது என்பதே அதன் சாரம். அந்த வழக்கைப் போட்டது கணவர். இத்தனை நாள் எட்டிப் பார்க்காத ஆள் மறுமணச் செய்தி கேட்டதும் ரிட் மனுவோடு வந்து நிற்பது நடக்கக்கூடியதுதான்.

இனி என்ன கேட்டுப் போடுவது என்ற விஷயம். குலா என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் பெண்ணுக்கு ஒன்பது காரணங்கள் உள்ளன. நீங்கள் சொன்ன விவரத்துக்கு நேராகப் பொருந்துவது இரண்டாவது: கணவன் இரண்டு ஆண்டு ஜீவனாம்சம் தராமல் விட்டது. இந்த உட்பிரிவில் ஒரு நுட்பம் உண்டு. மூன்று ஆண்டு இல்லறக் கடமை செய்யாதது என்ற நான்காவது காரணத்தில் "தக்க காரணமின்றி" என்ற சொற்கள் இருக்கின்றன, இரண்டாவதில் இல்லை. அதனால் "அவள்தான் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனாள்" என்ற வழக்கமான பதில் இங்கே வலுவிழக்கும். 1970-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் யூசுப் ராவுத்தர் - சௌரம்மா வழக்கில் இதைத்தான் விரிவாக எழுதினார். தமிழ்நாட்டு நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது என்றாலும் எடுத்துக்காட்டலாம்.

நான்காவது காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் காரணத்தை, அதாவது நான்கு ஆண்டு இருப்பிடம் தெரியவில்லை என்பதை, தயவு செய்து தொடாதீர்கள். நீல டிக் விழும் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைக் காணோம் என்று சத்தியம் செய்தால் மற்ற சாட்சியமும் நம்பிக்கை இழக்கும். தவிர, அந்தக் காரணத்தில் வரும் டிக்ரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) ஆறு மாதம் கழித்தே அமலுக்கு வரும். இடையில் கணவர் வந்து கடமையைச் செய்யத் தயார் என்றால் ரத்தாகவும் செய்யும்.

மனுவின் கோரிக்கைப் பகுதியில் முதலில் 1939 சட்டப்படி திருமண முறிவு. அதற்கு மாற்றாக, குலா மூலம் திருமணம் முறிந்துவிட்டது என்று குடும்ப நீதிமன்றச் சட்டம் 7-ஆம் பிரிவின் கீழ் விளம்புகை (நீதிமன்றம் உறுதிசெய்து அறிவிப்பது). இரண்டையும் இந்த வரிசையில் போடுங்கள். வரிசை மாறினால் வரும் நஷ்டத்தைக் கீழே யாராவது ஜீவனாம்சம் பற்றி எழுதும்போது சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கே போடுவது? மனைவி வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்று இந்து திருமணச் சட்டத்தில் இருப்பது போன்ற தனி விதி 1939 சட்டத்தில் இல்லை. நிக்காஹ் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் என வழக்கு மூலம் எழுந்த இடத்தைக் காட்டி அந்த எல்லைக்குரிய குடும்ப நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இதை மனுவில் ஒரு தனிப் பத்தியாக எழுதாததால் மனு எண்ணிடப்படாமல் திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது.

---

மவ்லவி_கீழக்கரை:

சகோ வக்கீல் சொன்னதோடு மார்க்கப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். கோர்ட்டுக்குப் போவது ஷரீஅத்தை விட்டு வெளியேறுவது என்று அந்தப் பெண்ணை யாரும் பயமுறுத்தக் கூடாது.

குலாவின் அடிப்படை குர்ஆன் 2:229 வசனமும் ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி பற்றிய ஹதீஸும். "அவருடைய தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாயா?" என்று நபி (ஸல்) கேட்டார்கள், அவர் சரி என்றதும் பிரிவுக்கு வழி செய்தார்கள். இதிலிருந்து குலாவுக்குக் கணவன் சம்மதம் வேண்டுமா என்பதில் அறிஞர்கள் பிரிகிறார்கள். நான்கு மத்ஹபுகளின் (ஹனஃபி, ஷாஃபி, மாலிகி, ஹன்பலி சட்டப் பள்ளிகளின்) பெரும்பான்மைக் கருத்து, வேண்டும் என்பது. அதன்படி பார்த்தால், கணவன் வராத நிலையில் அந்த ஜமாஅத் எழுதிக் கொடுத்தது ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டக் கலை) கணக்கிலும் குலா ஆகாது. கணவன் சம்மதிக்காதபோது நீதிபதி பிரித்து வைப்பதன் பெயர் ஃபஸ்க். ஜமாஅத் நிர்வாகிகள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தக் குழப்பத்தின் சுமையைப் பெண் சுமக்கிறாள்.

1939 சட்டமே ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) முயற்சியிலிருந்து வந்ததுதான். ஹனஃபி சட்டப்படி பராமரிக்காத கணவனிடமிருந்து மனைவி விடுபட வழி மிகக் குறுகல். பிரிட்டிஷ் இந்தியாவில் பல பெண்கள் திருமணத்தை முறிப்பதற்காகவே மதம் மாறினார்கள். அதைக் கண்டு மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ மாலிகி மத்ஹபிலிருந்து தீர்வுகளை எடுத்து ஃபத்வா தொகுத்தார்; மத்திய சட்டமன்ற உறுப்பினர் காஸ்மி கொண்டுவந்த மசோதா அதன் தொடர்ச்சி. மதம் மாறினாலே திருமணம் முறியாது என்ற 4-ஆம் பிரிவு அந்தச் சட்டத்தில் இருப்பதன் காரணமும் இதுவே. குடும்பச் சட்டத்தில் சீர்திருத்தம் என்றாலே வெளியிலிருந்து திணிப்பது என்று பேசுகிறவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முஸ்லிம் அல்லாத நீதிபதி செய்யும் ஃபஸ்க் செல்லுமா என்ற கேள்வி சிலர் மனதில் உறுத்தும். முஸ்லிம் நீதிபதிதான் விசாரிக்க வேண்டும் என்ற பிரிவு அந்த மசோதாவில் இருந்து பின்பு நீக்கப்பட்டது. அதனால் இந்த உறுத்தல் பழையது. மனத்திருப்தி வேண்டுமென்றால் டிக்ரி நகலை ஒரு தகுதியான முஃப்தியிடமோ தாருல் கழாவிடமோ (ஷரீஅத் தீர்ப்பு மன்றம்) காட்டி மார்க்க முறையிலும் உறுதி செய்துகொள்ளலாம். கோர்ட் முதலில், அது பிறகு. தலைகீழாகச் செய்ததால்தான் இந்தப் பெண் இங்கே நிற்கிறார்.

இத்தாவை டிக்ரி தேதியிலிருந்து எண்ணுங்கள். ஹனஃபியில் மூன்று மாதவிடாய் முழுமையாக முடிய வேண்டும். எங்கள் கடற்கரைப் பக்க ஷாஃபியில் மூன்று துஹ்ர், அதாவது மூன்று தூய்மைக் காலம். கணக்கில் சில நாள் வித்தியாசம் வரும். மாப்பிள்ளை ஊர் எந்த மத்ஹப் என்று தெரியாவிட்டால் பின்னால் முடிவதை எடுத்துக்கொண்டால் தகராறு இல்லை. 2024 கடிதத்தின் தேதியிலிருந்து இத்தா முடிந்துவிட்டது என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

---

அபூ_ஹாரிஸ்:

ஷரீஅத் விஷயத்தை மஹல்லாவுக்குள் முடிக்கத்தானே ஜமாஅத் இருக்கிறது? எல்லாரும் கோர்ட்டுக்குப் போங்கள் என்றால் ஜமாஅத் எதற்கு? கோர்ட்டில் வருடக்கணக்கில் இழுப்பார்கள், பெண்ணின் வயது போய்விடும். இதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

---

மவ்லவி_கீழக்கரை:

நியாயமான கவலை. ஜமாஅத்துக்கு வேலை இருக்கிறது, அது குர்ஆன் 4:35-ல் சொல்லப்பட்ட வேலை. அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவர், அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவர். இதை ஒழுங்காகச் செய்து ஒழுங்காக எழுதி வைத்தால் கோர்ட்டில் இழுபறியே பாதியாகக் குறையும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு நான் சொல்வது இது. "குலா சான்றிதழ்" என்று தலைப்பிடாதீர்கள். "சமரச முயற்சி அறிக்கை" என்று போடுங்கள். பெண் மனு கொடுத்த தேதி. எந்த முகவரிக்கு, எந்தத் தேதியில், பதிவுத் தபாலிலா ஆள் மூலமா அறிவிப்பு போனது. தபால் ரசீது எண். கையெழுத்து வாங்கியவர் யார் அல்லது திரும்பி வந்த உறையில் என்ன எழுதியிருந்தது. எந்த நாளில் உட்கார்ந்தார்கள், இரு தரப்பிலும் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள். முடிவில் "சமரசம் கூடவில்லை" என்ற ஒரு வரி. "பந்தம் முறிக்கப்படுகிறது" என்று எழுதாதீர்கள், "மஹர் விட்டுக்கொடுக்கப்பட்டது" என்று நீங்களாக எழுதவே எழுதாதீர்கள். தஃப்தரில் நிக்காஹ் பதிவுக்கு எதிரே "முறிவு" என்று சிவப்பு மையில் குறிப்பதும் டிக்ரி நகலைப் பார்த்த பிறகுதான்.

இந்த அறிக்கை கோர்ட்டில் நல்ல சாட்சியம். குலா செல்ல மூன்று விஷயம் பார்க்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2021 தீர்ப்பையொட்டிச் சொன்னது: மனைவி திருமணத்தை முறிப்பதாக அறிவித்தது, மஹரைத் திருப்பித் தர முன்வந்தது, அதற்கு முன் உண்மையான சமரச முயற்சி நடந்தது. மூன்றாவதற்கு ஜமாஅத்தை விட்டால் வேறு யார் சாட்சி சொல்வார்கள்? செயலாளர் தஃப்தரை எடுத்துக்கொண்டு ஒரு நாள் சாட்சிக் கூண்டில் ஏறினால் அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

---

சட்டஉதவி_திருச்சி:

ஜீவனாம்சப் பக்கத்தை நான் சொல்கிறேன். அந்தக் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்குப் பெரிய கவலை. "மஹரும் இத்தா கால ஜீவனாம்சமும் விட்டுக்கொடுக்கப்பட்டன." அந்தப் பெண் உண்மையில் அப்படிச் சொன்னாரா? எழுதிக் கையெழுத்துப் போட்டாரா? பல இடங்களில் மனு கொடுக்கும்போதே வெள்ளைத் தாளிலோ பத்திரத்தாளிலோ கையெழுத்து வாங்கி வைக்கிறார்கள். அப்படி ஏதாவது இருந்தால் நகல் கேட்டு ஜமாஅத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

குலா என்றால் மனைவி தன் பக்கத்திலிருந்து எதையாவது கொடுத்து வெளியேறுவது. 1939 சட்டப்படி டிக்ரி என்றால் கணவனின் தவறுக்காக நீதிமன்றம் பிரிப்பது. அந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு மஹர் உரிமை பாதிக்கப்படாது என்கிறது. குலா என்ற பெயரில் முடித்தால் "அவளாக வெளியேறினாள், இனி ஜீவனாம்சம் ஏன்?" என்று எதிர்த்தரப்பு வாதிட வழி பிறக்கும். வக்கீல் சகோ கோரிக்கைகளின் வரிசையைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். பின்கொடுப்பாகப் பேசிய மஹரைக் கேட்கத் திருமணம் முறிந்த நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம்.

ஜீவனாம்சத்துக்கு விவாகரத்து முடியும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 144-ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125) பெண்ணுக்கும் குழந்தைக்கும் சேர்த்து மனு போடலாம். இதற்கு அவர் இப்போது வசிக்கும் ஊரே போதும். குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊரில் மாஜிஸ்திரேட்டிடம். முஸ்லிம் பெண்ணுக்கு இது பொருந்தாது, 1986-ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் (மணமுறிவு உரிமைப் பாதுகாப்பு) சட்டம் மட்டும்தான் என்று யாராவது சொன்னால், 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் தெலங்கானா வழக்கில் கொடுத்த தீர்ப்பைக் காட்டுங்கள். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் இரண்டு வழியும் திறந்திருக்கிறது என்று அது சொல்லிவிட்டது. முஸ்லிம் பெண்ணுக்கும் 125-ல் ஜீவனாம்சம் உண்டு என்ற ஷா பானு தீர்ப்பு 1985-ல்; அதை மாற்ற 1986 சட்டம்; அந்தச் சட்டப்படி இத்தா காலத்துக்குள் கொடுக்க வேண்டிய தொகை இத்தாவுக்கு மட்டுமல்ல, பிற்கால வாழ்வுக்கும் சேர்த்துத்தான் என்று 2001-ல் டேனியல் லத்தீஃபி தீர்ப்பு. இவ்வளவு தூரம் வந்த பிறகும் மஹல்லா பஞ்சாயத்தில் "மூன்று மாதச் செலவு கொடுத்தால் கணக்கு முடிந்தது" என்று பேசுவதை ஏற்க வேண்டியதில்லை.

144 மனுவோடு சொத்து, வருமான விவர உறுதிமொழியையும் தாக்கல் செய்ய வேண்டும். 2020 ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புக்குப் பிறகு இது இரு தரப்புக்கும் கட்டாயம். இந்தப் படிவத்தை அரைகுறையாக நிரப்புவதால்தான் இடைக்கால உத்தரவு தள்ளிப்போகிறது. கணவரின் சம்பளம் தெரியாது என்று காலியாக விடாதீர்கள். 2021 வரை அவர் அனுப்பிய பணத்துக்கு வங்கிக் கணக்கு அறிக்கை எடுங்கள். மாதம் எவ்வளவு வந்தது என்பதே அவர் வருமானத்துக்குத் தடயம். கடைசி வரவு எந்த நாள் என்பதும் அதில் இருக்கும். இரண்டு ஆண்டு பராமரிக்கவில்லை என்பதற்கு அந்த ஒரு வரியே முக்கிய ஆதாரம். அந்தப் பக்கத்தில் வங்கி முத்திரை வாங்குங்கள். ஊரில் அவர் பெயரில் உள்ள வீடு, மனை, பாகம் பிரியாத பங்கு இருந்தால் வில்லங்கச் சான்று போட்டு இணையுங்கள். ஆள் வளைகுடாவில் இருந்தாலும் சொத்து இங்கேதானே இருக்கிறது.

இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சார்பு செய்த (எதிர்த்தரப்பிடம் சேர்த்த) 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் தாமதமாகும். ஆனால் தொகை மனு தேதியிலிருந்தே கணக்கிடப்படும் என்பதால் முந்திப் போடுவது லாபம். உத்தரவு வந்தும் கொடுக்காவிட்டால் பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டாக வேண்டும். பலர் இரண்டு வருடப் பாக்கி சேரட்டும் என்று காத்திருந்து முதல் வருடத்தை இழக்கிறார்கள்.

வக்கீல் கட்டணத்துக்காகத் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, 12-ஆம் பிரிவின்படி பெண் என்ற ஒரு தகுதியே போதும், வருமான வரம்பு இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தில் ஆதார், தஃப்தர் நகல், ஒரு பக்க மனு கொடுத்தால் வக்கீல் நியமிப்பார்கள்.

---

கல்முனை_வாசகி:

இலங்கையிலிருந்து வாசிப்பவர்கள் மேலே உள்ளதை அப்படியே இங்கு பொருத்திப் பார்க்க வேண்டாம். எங்களுக்கு 1951-ஆம் ஆண்டு 13-ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். காதி (நீங்கள் காஜி என்பது) நீதிமன்றம் அந்தச் சட்டத்தால் அமைந்தது. காதி கொடுக்கும் பஸஹ் (மேலே சொன்ன ஃபஸ்க்) தீர்ப்பு சட்டப்படியான விவாகரத்து. இந்தியாவில் காகிதத்துக்கு அதிகாரம் இல்லை என்பது பிரச்சினை. இங்கே அதிகாரம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் முறைதான் பிரச்சினை.

பஸஹ் கேட்கும் பெண் தன் வாக்குமூலத்துக்கு மேல் சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். மூன்று முஸ்லிம் ஜூரிகளோடு காதி விசாரிப்பார். கணவன் தலாக் சொல்வதற்குக் காரணமே காட்டத் தேவையில்லை. காதி முன் சட்டத்தரணி ஆஜராக முடியாது. காதியும் காதிகள் சபை உறுப்பினரும் ஆணாகவே இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளையின் விவாகத்தைக்கூட காதி அனுமதித்தால் பதியலாம் என்பது 23-ஆம் பிரிவு. இதையெல்லாம் அடிப்படை உரிமைக்கு முரண் என்று கேட்கவும் முடியாதபடி அரசியலமைப்பின் 16-ஆம் உறுப்புரை பழைய சட்டங்களுக்குக் காப்புக் கொடுக்கிறது. 2009-ல் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள்; 2018-ல் அறிக்கை வந்தபோது குழு இரண்டாகப் பிரிந்திருந்தது. சட்டத்தைத் திருத்த 2021-ல் அமைச்சரவை முடிவு எடுத்தது.

காதியிடம் போகும் பெண்களுக்கு நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். பஸஹ் மனுவோடு தாபரிப்பு (ஜீவனாம்சம்), மஹர், கைக்கூலி (பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுத்தது) ஆகியவற்றைத் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது பதிவில் ஏறாது. ஒவ்வொரு தவணையும் முடிந்ததும் பதிவின் பிரதி கேளுங்கள். காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்ய அது இல்லாமல் முடியாது.

---

நூர்_மஹல்லா:

எல்லாருக்கும் ஜஸாகல்லாஹ். கடிதத்தில் மஹர் விட்டுக்கொடுத்ததாக இருந்த வரி அந்தப் பெண்ணுக்கே தெரியாது. நான் வாசித்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. நகைகளும் 22 பவுன் மாமியார் வீட்டில் இருக்கின்றன. நிக்காஹ் தேதியைத் தள்ளி வைக்க இரண்டு வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. கணவர் வெளிநாட்டில் இருப்பதால் சம்மன் எப்படிப் போகும்? இப்போது கேஸ் என்று தெரிந்ததும் அவருடைய அண்ணன், "தம்பி வாட்ஸ்அப்பில் மூன்று தலாக் அனுப்பிவிடுவான், அதோடு முடித்துக்கொள்ளுங்கள்" என்கிறாராம். அதை வாங்கிக்கொண்டால் சீக்கிரம் முடியுமா?

---

வக்கீல்_நெல்லை:

வாங்கிக்கொள்ளாதீர்கள். ஒரே மூச்சில் சொல்லும் மூன்று தலாக் 2017 ஆகஸ்ட் 22 ஷாயரா பானு தீர்ப்பால் செல்லாததாகிவிட்டது. 2019 சட்டத்தின்படி அது 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். செல்லாத தலாக்கை வைத்துத் திருமணம் முறியாது. அதை நம்பி மறுமணம் செய்தால் மறுபடியும் முதலில் சொன்ன 82-ஆம் பிரிவுக்கே வந்து நிற்போம். அவர் உண்மையிலேயே பிரியச் சம்மதம் என்றால் அதற்கு முறையான வழி முபாரஅத், இருவர் சம்மதத்தில் பிரிவது. மஹர், நகை, குழந்தைச் செலவு எல்லாவற்றையும் தொகையோடு எழுதிய ஒப்பந்தம், அவர் நேரில் வர முடியாவிட்டால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிய பொது அதிகாரப் பத்திரம். அதைக் குடும்ப நீதிமன்றத்தில் தாக்கல் செய்து விளம்புகை கேட்கலாம். போட்டி இல்லாத மனு விரைவாக முடியும். அண்ணனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அந்தச் செய்தி வந்தே விட்டால் அழிக்காமல் வையுங்கள்.

சம்மனுக்கு மூன்று தடத்தையும் ஒரே சமயத்தில் கேளுங்கள். ஊரில் உள்ள அவருடைய நிரந்தர முகவரி, வெளிநாட்டு முகவரி (வேலை செய்யும் நிறுவனத்தின் அஞ்சல் பெட்டி எண் தெரிந்தால் அதுவும்), நீதிமன்ற அனுமதியோடு வாட்ஸ்அப், மின்னஞ்சல். நீல டிக் இங்கேதான் பயன்படும். செய்தி போனதற்கும் படித்ததற்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பாரதிய சாட்சிய அதிநியமம் 63-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவுச் சான்றோடு கொடுக்க வேண்டும். குடும்ப நீதிமன்றம் சாட்சிய விதிகளில் தளர்வு காட்டலாம் என்றாலும் இந்தச் சான்றை விடாதீர்கள். சம்மன் சரியாகச் சார்பாகாமல் ஒருதலைப்பட்சமாக டிக்ரி வாங்கினால், கணவர் எப்போது வேண்டுமானாலும் வந்து "எனக்குத் தெரியவே தெரியாது" என்று அதை ரத்து செய்யக் கேட்பார். அதற்குள் மறுமணம் நடந்து குழந்தையும் பிறந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எல்லா வழியும் பலிக்காதபோதுதான் நாளிதழ் விளம்பரம்.

டிக்ரி வந்த அன்றே மேல்முறையீட்டுக்கான 30 நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தாவும் அதே தேதியில் தொடங்குவதால் இரண்டும் சேர்ந்தே ஓடும். இத்தா முடியும்போது மேல்முறையீட்டு அவகாசம் பெரும்பாலும் கடந்திருக்கும். மேல்முறையீடு ஏதும் இருக்கிறதா என்று உயர் நீதிமன்ற இணையதளத்தில் பார்த்த பிறகு நிக்காஹ் வையுங்கள்.

---

சட்டஉதவி_திருச்சி:

22 பவுன் விஷயம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, 12-ஆம் பிரிவு மனுவில் நகையைத் திருப்பித் தர உத்தரவு கேட்கலாம். பணம் தராமல் விடுவது அந்தச் சட்டத்தில் பொருளாதார வன்முறை. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போனால் படிவத்தை அவரே நிரப்பித் தருவார். "22 பவுன்" என்று மொத்தமாக எழுதாதீர்கள். ஆரம் இத்தனை, வளையல் ஜோடி இத்தனை, ஒவ்வொன்றின் கிராம், கடை ரசீது இருந்தால் அது, இல்லாவிட்டால் நிக்காஹ் ஆல்பத்தில் அந்த நகை தெரியும் படம். பெண் வீட்டில் போட்டதையும் மாப்பிள்ளை வீட்டில் போட்டதையும் மஹராகத் தஃப்தரில் எழுதியதையும் மூன்று பட்டியலாகப் பிரியுங்கள். ஒன்றாகக் கலந்தால் அடுத்த தரப்பு எல்லாமே மஹர் என்று சொல்லிவிடும்.

---

ஆயிஷா_காரைக்கால்:

அடுத்த நிக்காஹுக்கு ஒரு விஷயம். அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல, மஹல்லாவில் நடக்கும் ஒவ்வொரு நிக்காஹுக்கும் இதைச் செய்யலாம். தஃப்வீழ், அதாவது தலாக் சொல்லும் அதிகாரத்தைக் கணவன் மனைவியிடம் நிபந்தனையோடு ஒப்படைப்பது, ஃபிக்ஹிலேயே உள்ள வழி. வங்கதேசத்தின் நிக்காஹ் படிவத்தில் 18-ஆம் கட்டமே இதற்குத்தான். நம் தஃப்தரில் இப்படி ஒரு கட்டம் இல்லாவிட்டால் தனித்தாளில் எழுதி இணைக்கலாம்:

"தொடர்ந்து ஆறு மாதம் நான் பராமரிப்புச் செலவு தராவிட்டாலோ, மனைவியின் எழுத்து மூலமான சம்மதமின்றி மறுமணம் செய்தாலோ, அவர் தமக்குத் தாமே ஒரு தலாக் சொல்லிக்கொள்ளும் அதிகாரத்தை அவரிடம் ஒப்படைக்கிறேன்."

நிபந்தனை திட்டமாக இருக்க வேண்டும். "சரியாக நடத்தாவிட்டால்" என்று பொதுவாக எழுதினால் பின்னால் எதை வைத்து நிரூபிப்பது? மணமகன், மணமகள், இரு சாட்சிகள் கையெழுத்து வேண்டும். இதைப் பயன்படுத்திய பிறகும் குடும்ப நீதிமன்ற விளம்புகை வாங்குவதே பத்திரம்; ஆனால் வழக்கு மிகச் சுருங்கிவிடும்.

தமிழ்நாட்டில் உள்ளவர்கள் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதியுங்கள், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். தஃப்தர் இருக்கிறதே என்று விடக் கூடாது. தஃப்தர் பள்ளிவாசல் அலமாரியில் இருக்கிறது, நிர்வாகம் மாறும்போது நகல் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

---

நூர்_மஹல்லா:

இன்று சட்டப் பணிகள் அலுவலகத்தில் மனு கொடுத்தாகிவிட்டது. தஃப்தர் நகலில் பெண்ணின் பெயருக்குப் பின்னால் பேகம் என்று இருக்கிறது, ஆதாரில் பீவி, பாஸ்போர்ட்டில் இரண்டும் இல்லை. இது இடிக்குமா?

---

வக்கீல்_நெல்லை:

இடிக்கும், இப்போதே சரி செய்யுங்கள். மனுவின் தலைப்பிலேயே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை முதலில் போட்டு, "என்கிற" என்று மற்ற இரண்டையும் சேருங்கள். கணவர் பெயருக்கும் அவருடைய தந்தை பெயருக்கும் அப்படியே. டிக்ரியில் மனுவின் தலைப்புதான் அப்படியே இறங்கும். பிறகு திருத்த வேண்டுமென்றால் தனி மனு போட்டு மாதங்கள் ஆகும். டிக்ரி ஆனதும் சான்றிட்ட நகல் மூன்றுக்கு ஒரே நாளில் விண்ணப்பியுங்கள்: பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை ஊர் ஜமாஅத்துக்கு ஒன்று, அந்தப் பெண்ணின் கையில் ஒன்று.